குடும்ப நலம்: மாதவிலக்கு முந்தி நின்றுவிட்டால் மருந்துச் செடி கைகொடுக்குமா?



கல்யாணமான பெண்ணுக்கு ஒரு மாதம் தள்ளிப் போனால் வீட்டில் எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்துவிடும். "முழுகாமல் இருக்கிறாள் போலிருக்கிறது" என்று மாமியார் அடுத்த வீட்டில் மெல்லச் சொல்வார். இரண்டு மாதமாகும், மூன்று மாதமாகும். சோதித்துப் பார்த்தால் கர்ப்பம் இல்லை என்று வரும். பிறகு ஒரு மாதம் கொஞ்சம்போல் படும். மறுபடி நான்கு மாதம் ஒன்றும் இருக்காது. இதற்கிடையில் இரவில் உடம்பு குபீரென்று சூடாகி வியர்த்துக் கொட்டும். தூக்கம் கெடும். காரணமில்லாமல் எரிச்சலும் அழுகையும் வரும். வயது என்னவோ முப்பதுதான் இருக்கும்.

இப்படிப்பட்ட பெண்ணைக் கண்டால் நம்மவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லத் தொடங்குகிறார்கள். வெந்தயத்தை ஊறவைத்துக் குடி என்பார் ஒருவர். ஊரிலிருந்து மலைவேம்பு வரவழைத்துச் சாறெடுத்துக் கொடு என்பார் இன்னொருவர். பக்கத்துக் கம்பத்து மலாய்க்கார அம்மா கச்சிப் பாத்திமா வேரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்வார். சந்தையில் ஜாமு விற்பவர் மூன்று பாட்டில் வாங்கினால் ஒரு பாட்டில் இலவசம் என்பார். போமோவிடம் போய்வா என்பாரும் உண்டு. பணமும் போகும், வருடமும் போகும். போன பணத்தைப் பாடுபட்டுச் சம்பாதித்துக் கொள்ளலாம். போன வருடத்தை எங்கே போய் வாங்குவது?

ஆகவே, இந்த மாதம் இதைப் பற்றித்தான் விவரமாகப் பேசப் போகிறோம். நாற்பது வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்து போவது ஏன்? நாட்டு மருந்தும் உணவும் எதுவரை கைகொடுக்கும்? எங்கே அவை கைவிரித்துவிடும்? வேறு வழிகள் என்னென்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெண்ணின் சேமிப்பு

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே தன் வாழ்நாளுக்கு வேண்டிய சினைமுட்டைகளைச் சுமந்துகொண்டுதான் பிறக்கிறது. பிறக்கும்போது 10 இலட்சத்திலிருந்து 20 இலட்சம் வரை இருக்கும். பெரியவளாகும் வயதில் 3 அல்லது 4 இலட்சமாகக் குறைந்துவிடும். அவற்றில் மாதம் ஒன்றாக முதிர்ந்து வெளிவருவது ஆயுள் முழுவதும் சுமார் 400 அல்லது 500தான். மற்றவை தாமாகவே கரைந்து போகின்றன. 50 வயதை ஒட்டி இருப்பு தீரும்போது மாதவிலக்கு நிற்கிறது. இது இயற்கை.

பால்மரம் வெட்டிய கைகளுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். வெட்டிய இடத்தில் சில வருடங்களில் மறுபட்டை வளர்ந்துவிடுகிறது. அதை மறுபடியும் வெட்டலாம். சினைமுட்டைக்கு மறுபட்டை கிடையாது. தீர்ந்த முட்டையைப் புதிதாக உண்டாக்கும் செடியோ, வேரோ, மாத்திரையோ, ஊசியோ இந்த நாள்வரை நிரூபிக்கப்படவில்லை. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், நம்மிடம் விற்க வருகிறவர்களில் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

சிலருக்கு இந்த இருப்பு 40 வயதுக்கு முன்பே குறைந்துவிடுகிறது. அல்லது முட்டைகள் இருந்தும் சினைப்பை சரியாக வேலை செய்வதில்லை. முன்பெல்லாம் இது 100 பெண்களில் ஒருவருக்கு வருவது என்று கணக்கிட்டார்கள். 2024-ல் வெளியான அனைத்துலக மருத்துவ வழிகாட்டி, 100 பேரில் 3 முதல் 4 பேருக்கு இருக்கலாம் என்று சொல்கிறது. ஆகவே, "ஊர் உலகத்தில் எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கலங்கும் சகோதரி தனியாள் அல்ல.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க மருத்துவர் புல்லர் ஆல்பிரைட் 1942-ல் இதை விவரித்தபோது "சினைப்பைக் குறைபாடு" என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். இடையில் வந்தவர்கள் "சினைப்பைத் தோல்வி" என்று அழைக்கத் தொடங்கினார்கள். இப்போது மருத்துவ உலகம் மீண்டும் "குறைபாடு" என்ற சொல்லுக்கே திரும்பிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. கடை முழுக்க மூடப்படுவதில்லை. எப்போதாவது கதவு திறக்கிறது. இந்தக் குறைபாடு உள்ள சிலருக்குச் சினைப்பை திடீரென்று விழித்து, மாதவிலக்கு தானாக வந்துபோவது உண்டு. 100 பேரில் 5 முதல் 10 பேர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் இயற்கையாகவே கர்ப்பமும் அடைகிறார்கள். பெரிய எண்ணிக்கை அல்ல; ஆனால் பூஜ்யமும் அல்ல.

முதலில் நோய் எது என்று தெரிய வேண்டும்

மாதவிலக்கு நின்றுபோவதற்குக் காரணங்கள் பல. மாசி பங்குனியில் பால்மரம் இலையுதிர்த்து நிற்கும்போது பால் குறைகிறது. அதற்காக மரம் பட்டுவிட்டது என்று யாராவது வெட்டிச் சாய்ப்பார்களா? துளிர் விட்டதும் பால் திரும்புகிறது. அதுபோலத் தற்காலிகமாக நிற்கும் மாதவிலக்கும் உண்டு. சாப்பாடு குறைந்து உடல் மிகவும் இளைத்தாலும், பெரிய துக்கமோ கவலையோ தாக்கினாலும் நிற்கலாம். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி கெட்டாலும், பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் அதிகமானாலும் நிற்கலாம். வாந்திக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் இப்படி ஆவதுண்டு. குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, அதை நிறுத்திய பிறகும் பல மாதங்கள் வராமல் இருக்கலாம். "நீர்க்கட்டி" என்று நாம் சொல்லும் கோளாறில் முட்டைகள் ஏராளமாக இருக்கும். முதிர்ந்து வெளிவருவதில்தான் சிக்கல்.

இவற்றில் பலவற்றுக்கு உணவும் பழக்கமும் உண்மையாகவே மருந்தாகின்றன. இளைத்தவள் உடம்பு தேறினால் மாதவிலக்கு திரும்பும். நீர்க்கட்டி உள்ளவள் பருமனாக இருந்து, தன் எடையில் 100-க்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே பலருக்கு முட்டை வெளிவரத் தொடங்குகிறது. அப்படிக் குணமான அக்காதான், "நான் வெந்தயம் குடித்தேன், பிள்ளை பிறந்தது, நீயும் குடி" என்று சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய கோளாறு வேறு, உங்களுடையது வேறாக இருக்கலாம்.

ஆகவே, 40 வயதுக்கு உட்பட்ட பெண்ணுக்கு 4 மாதம் மாதவிலக்கு வராமலோ தாறுமாறாகவோ இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வார்கள். பிறகு எப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனின் அளவைப் பார்ப்பார்கள். இது மூளையின் அடியில் உள்ள ஒரு சிறு சுரப்பி சினைப்பைக்கு அனுப்பும் கட்டளை. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது ஆள் பதில் சொல்லாவிட்டால் கங்காணி என்ன செய்வார்? குரலை உயர்த்துவார். அதுபோலச் சினைப்பை பதில் சொல்லாதபோது இந்தக் கட்டளையின் அளவும் உயர்ந்துகொண்டே போகும். அது 25-க்கு மேல் இருந்தால் சினைப்பைக் குறைபாடு என்று கருதுகிறார்கள். சந்தேகம் இருந்தால் 4 முதல் 6 வாரம் கழித்து மறுபடி சோதிப்பார்கள்.

இதற்குப் பெரிய செலவு செய்து தனியார் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை. தோட்டத்துக் கிளினிக்கில் சொன்னால் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். நேராகவும் போகலாம். நாட்டின் குடிமக்களுக்கு அங்கே 1 வெள்ளிதான் கட்டணம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் நோய் நிபுணரிடம் அனுப்பி வைப்பார்கள். போகும்போது கடைசி ஒரு வருடத்தில் மாதவிலக்கு வந்த தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நீங்கள் சாப்பிட்ட மருந்துகள், நாட்டு மருந்து உட்பட, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஏன் வருகிறது?

பெரும்பாலோருக்குக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. சிலருக்குப் பிறவியிலேயே எக்ஸ் குரோமோசோம் என்னும் மரபுக் கூறில் குறை இருக்கும். சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் சினைப்பையைப் பகையாக நினைத்துத் தாக்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்குத் தைராய்டும், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியும் கெடலாம். புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து, கதிர்ச் சிகிச்சை, சினைப்பைக் கட்டிக்குச் செய்த அறுவை ஆகியவையும் காரணமாகலாம். புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு மற்றவர்களைவிட ஓரிரு வருடம் முந்தியே நின்றுவிடுகிறது.

இந்தப் பட்டியலில் செய்வினை இல்லை. நாக தோஷம் இல்லை. மருமகள் வந்த வேளை இல்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்ததும், மழையில் நனைந்து வேலை செய்ததும் இல்லை. இதைப் படிக்கும் மாமியார்மார் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்பதையும் விசாரிக்க வேண்டும். அம்மாவுக்கோ, பெரியம்மாவுக்கோ 40-க்கு முன் நின்றிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு இது உறுதியானால் தங்கைமார்களுக்கும் தெரியப்படுத்துங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், அவர்கள் "இன்னும் இரண்டு வருடம் போகட்டும்" என்று பிள்ளைப்பேற்றைத் தள்ளிப் போட்டுவிட்டுப் பிறகு வருந்த நேரும்.

நாட்டு மருந்தின் கணக்கு

"அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். கேலிக்காகச் சொன்னாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தக் குறைபாடு உள்ள 100 பெண்கள் ஏதோ ஒரு வேரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேர் வெறும் தண்ணீராக இருந்தாலும், முன்பு சொன்னபடி 5 பேராவது தாமாகவே கர்ப்பமடைவார்கள். அந்த 5 பேரும் "வேர்தான் காரணம்" என்று ஊரெல்லாம் சொல்வார்கள். மற்ற 95 பேர் வாயே திறக்க மாட்டார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். விற்பவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்த 5 பேரை மட்டும் காட்டினால் போதும்.

வெந்தயமும், கறிவேப்பிலையும், முருங்கையும் உணவாக நல்லவை, தாராளமாகச் சாப்பிடுங்கள். தவுவும், தெம்பேயும் அப்படியே. சோயாவில் பெண் ஹார்மோனைப் போன்ற ஒரு பொருள் சிறிது உண்டு என்றாலும், அது சினைப்பையை எழுப்பியதாக நிரூபணம் இல்லை. கச்சிப் பாத்திமாவும் நம் நாட்டில் பெண்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் மூலிகைதான். அதனாலும் ஓய்ந்த சினைப்பை முட்டை தந்ததாக நிரூபணம் இல்லை. வேம்பு வகைகளில் எச்சரிக்கை வேண்டும். வேப்பெண்ணெயைக் கருத்தடைக்காகவே ஆராய்ச்சியாளர்கள் சோதித்திருக்கிறார்கள். பிள்ளை வேண்டும் என்பவள் அதைக் குடிப்பது எவ்வளவு விபரீதம்!

பாட்டிலிலும் பொட்டலத்திலும் வரும் மருந்துகளில் வேறொரு அபாயமும் உண்டு. பதிவு பெறாத ஜாமு, மஜூன் வகைகளில் ஸ்டீராய்டு என்னும் கடும் மருந்தைக் கலந்து விற்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. குடித்த சில நாளில் உடம்புவலி போய்த் தெம்பு வந்ததுபோல் இருக்கும், பசி எடுக்கும், முகம் பூரிக்கும். "மருந்து வேலை செய்கிறது" என்று சந்தோஷப்படுவோம். உள்ளே எலும்பு கரையும், சர்க்கரை ஏறும். சில பஸ்பங்களில் ஈயமும் பாதரசமும் இருந்தது பரிசோதனைகளில் தெரிய வந்துள்ளது. ஈயம் கருவுக்கே நஞ்சு. ஆகவே, வாங்கித்தான் தீருவேன் என்றால், பெட்டியில் "எம்.ஏ.எல்." என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தானால் அந்த எண் "டி" என்ற எழுத்தில் முடியும். எண் இருப்பதால் மருந்து பலிக்கும் என்று பொருளில்லை. நஞ்சு கலப்பு இல்லையா என்று ஓரளவு கவனித்திருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

நாட்டு மருந்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. கோட்டுப் போட்டவர்கள் விற்பதிலும் இப்படி உண்டு. டி.எச்.இ.ஏ. என்னும் மாத்திரை, நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றிச் சினைப்பையில் ஏற்றும் ஊசி, "ஸ்டெம் செல்" சிகிச்சை என்று ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு விளம்பரம் செய்கிறார்கள். இவை இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் உள்ளன. வறண்டுபோன மரத்தின் பட்டையில் ஊக்க மருந்து தடவி என்ன பயன்? நகையை அடகு வைத்துச் செய்ய வேண்டிய வைத்தியம் அல்ல இது.

கோயில் நேர்த்தியைப் பற்றியும் கேட்பீர்கள். பத்துமலைத் தைப்பூசத்தில் கரும்புத் தொட்டிலில் பிள்ளையைச் சுமந்து வரும் தம்பதிகளைப் பார்க்கும்போது யாருக்குத்தான் மனம் நெகிழாது? வேண்டுதல் மனத்துக்குத் தெம்பு தருகிறது, தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் டாக்டரைப் பார்க்கும் நாளை நேர்த்திக்காகத் தள்ளிப் போடாதீர்கள்.

நம் கையில் இருப்பவை

அப்படியானால் இயற்கை வழியில் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா? உண்டு. சினைப்பை எப்போதாவது ஒரு முட்டையை வெளிவிடும்போது, அதை வீணாக்காமல் ஏற்க உடம்பும் வீடும் தயாராக இருக்க வேண்டும். அதற்கு வேண்டியவை இவை.

ஒன்று, நாள் கணக்குப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஒழுங்காக மாதவிலக்கு வருபவர்களுக்குத்தான் 14-ஆம் நாள் கணக்கெல்லாம். உங்களுக்கு முட்டை எந்த வாரம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கணவனும் மனைவியும் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை வருடம் முழுக்கக் கூடியிருப்பதே வழி. வறட்சியால் வலி இருந்தால் அதற்கும் மருந்து உண்டு. கூச்சப்படாமல் பெண் டாக்டரிடமோ மிஸ்ஸியிடமோ கேளுங்கள்.

இரண்டு, போலிக் அமிலம். நாளொன்றுக்கு 0.4 மில்லிகிராம். கருவின் முதுகுத்தண்டு கர்ப்பத்தின் முதல் மாதத்திலேயே உருவாகிவிடுகிறது. கர்ப்பம் தெரிந்த பிறகு சாப்பிடத் தொடங்கினால் தாமதமாகிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர் போன்ற சிலருக்கு டாக்டர் கூடுதலாகக் கொடுப்பார்.

மூன்று, புகையும் மதுவும் வேண்டாம். இது கணவனுக்கும் சேர்த்துத்தான். வீட்டுக்குள் அவர் ஊதும் சுருட்டுப் புகை உங்கள் நெஞ்சுக்குள்ளும் போகிறது. புகையிலை சேர்த்த வெற்றிலையையும் விட்டுவிடுங்கள். மருந்தடிக்கும் வேலையில் இருப்பவர்கள், பிள்ளைக்கு முயலும் காலத்தில் வேறு வேலை கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அது கிடைக்கும்வரை கையுறை, முகமூடி இல்லாமல் மருந்தைத் தொடாதீர்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

நான்கு, கணவனும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பிள்ளையில்லாத வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஆணிடமும் குறை இருக்கிறது. மனைவிக்கு வருடத்தில் ஒரு முட்டை வந்தாலும் வரலாம் என்ற நிலையில், கணவனின் விந்தும் பலமாக இருக்க வேண்டாமா? மீசையில் மண் ஒட்டாது, ஐயாமார்களே. ஒரு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வாருங்கள்.

ஐந்து, சாப்பாடும் தூக்கமும். மிகவும் இளைப்பதும் வேண்டாம், பருப்பதும் வேண்டாம். நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிடுங்கள். கேழ்வரகுக் கூழ், கீரை, பால், தவு ஆகியவை எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தைத் தரும். தினமும் கொஞ்சம் வெயில் உடம்பில் படட்டும், நடையும் வேண்டும்.

எலும்பை மறந்துவிடாதீர்கள்

பிள்ளையைப் பற்றிய கவலையில் பலர் தங்கள் உடம்பை மறந்துவிடுகிறார்கள். சினைப்பை ஓய்ந்தால் பெண் ஹார்மோனும் குறைகிறது. அதனால் எலும்பு நொய்ந்து போகும். இதய நோயும் சீக்கிரம் வரலாம். 50 வயதில் குறைய வேண்டியது 30-லேயே குறைந்தால், 20 வருடம் உடம்பு பாதுகாப்பில்லாமல் கிடக்கிறது என்று பொருள். ஆகவே, இயற்கையாக நிற்கும் வயதுவரை, அதாவது சுமார் 50 வயதுவரை, குறைந்த ஹார்மோனை மாத்திரையாகவோ ஒட்டுப் பட்டையாகவோ ஈடு செய்யும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

"ஹார்மோன் மாத்திரை என்றால் புற்றுநோய் வருமாமே?" என்று பயப்படுவோர் பலர். அந்தப் பயம் வயதான பெண்களிடம் செய்த ஆராய்ச்சியால் எழுந்தது. இளம் வயதில் உடம்பில் இருந்திருக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பது வேறு விஷயம். இயற்கை வயதுவரை இதனால் மார்புப் புற்றுநோய் கூடுவதாகக் காணப்படவில்லை. ஏற்கெனவே மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இது ஆகாது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ஈடு செய்யும் ஹார்மோன் மாத்திரை கர்ப்பத்தைத் தடுப்பதில்லை. ஆனால் சில இடங்களில் அதற்குப் பதிலாகக் கருத்தடை மாத்திரையைக் கொடுப்பது உண்டு. அதிலும் ஹார்மோன் இருக்கிறது. மாதவிலக்கும் ஒழுங்காக வரும். ஆனால் அது இருக்கும்வரை பிள்ளை உண்டாகாது! ஒரு பக்கம் மாத்திரை, மறுபக்கம் வேண்டுதல் என்று வருடங்கள் ஓடிவிடும். ஆகவே மாத்திரை வாங்கும்போது, "எனக்குப் பிள்ளை வேண்டும், இது கருத்தடை மாத்திரையா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாத்திரை சாப்பிட்டு வரும்போது வரவேண்டிய மாதவிலக்கு வராவிட்டால் சிறுநீர்ச் சோதனை செய்துகொள்ளுங்கள். எத்தனையோ பேர் "நமக்கு எங்கே வரப்போகிறது" என்று இருந்துவிட்டு நான்காம் மாதத்தில்தான் தெரிந்துகொண்டு திகைத்திருக்கிறார்கள்.

வேறு வழிகள்

சினைப்பை ஓய்ந்தாலும் பெரும்பாலோருக்குக் கர்ப்பப்பை நன்றாகவே இருக்கும். ஆகவே வேறொரு பெண் தானமாகத் தரும் சினைமுட்டையைக் கணவனின் விந்தோடு சேர்த்துக் கருவாக்கி, மனைவியின் கர்ப்பப்பையில் வைக்கலாம். சினைப்பை ஓய்ந்த ஒரு பெண்ணுக்கு இந்த முறையில் கர்ப்பம் உண்டாகிப் பிள்ளை பிறந்ததை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழுவினர் 1984-ல் உலகுக்கு அறிவித்தார்கள். சோதனைக் குழாய்ப் பிள்ளை நமக்கு அந்நிய விஷயமல்ல; தென்கிழக்காசியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1983-ல் சிங்கப்பூரில் பிறந்தது. அந்த மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் எஸ்.எஸ்.ரட்ணம்.

முட்டைத் தானம் இந்தக் குறைபாட்டுக்கு நன்கு நிரூபிக்கப்பட்ட வழி. ஆனால் செலவு பல்லாயிரம் வெள்ளி. ஒரே தடவையில் பலிக்கும் என்றும் உத்தரவாதம் இல்லை. முஸ்லிம் சகோதரிகளுக்கு மார்க்கத் தீர்ப்பு இதை அனுமதிப்பதில்லை. யோசிப்பவர்கள் கணவனோடு மனம்விட்டுப் பேசி, இருவரும் முழு மனத்தோடு சம்மதித்த பிறகே இறங்க வேண்டும். ஊழியர் சேமநிதியிலிருந்து குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்குப் பணம் எடுக்க 2020 முதல் வழி செய்திருக்கிறார்கள்; விதிகளைச் சேமநிதி அலுவலகத்தில் நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள். வட்டிக்காரனிடம் போக வேண்டாம்.

இன்னொரு வழி, நம் சமூகத்துக்குப் புதிதல்ல. பெண் குழந்தை வேண்டாமென்று சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட பிள்ளைகளை அந்தக் காலத்தில் எத்தனையோ தோட்டத்துத் தாய்மார்கள் வாங்கி, பொட்டு வைத்து, தமிழ் சொல்லிக் கொடுத்து வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று பாட்டிகளாகிப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். வயிற்றில் சுமக்காதவள் தாயாக மாட்டாள் என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்!

ஆனால் இந்தக் காலத்தில் தத்தெடுப்பதைச் சட்டப்படி செய்ய வேண்டும். தரகர் மூலம் காசு கொடுத்துப் பிள்ளை வாங்குவது குற்றம். பத்திரம் இல்லாமல் கைமாறும் பிள்ளை, பிறப்புச் சான்றிதழும் அடையாளக் கார்டும் இல்லாமல் பள்ளிக்கூடம் சேரும் நாளிலிருந்து திண்டாடும். தீபகற்ப மலேசியாவில் இதற்கு 1952-ஆம் ஆண்டிலேயே இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று நீதிமன்றம் மூலம் தத்தெடுப்பது. இது முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. மற்றொன்று, பிள்ளையை 2 வருடம் வளர்த்த பிறகு தேசியப் பதிவு இலாகாவில் பதிவு செய்வது. இது எல்லாருக்கும் பொது. விவரம் வேண்டுமானால் சமூகநல இலாகாவுக்குப் போய்க் கேளுங்கள்.

பிள்ளையில்லாமலே ஒருவருக்கொருவர் துணையாக வாழ்ந்து, அக்காள் பிள்ளைக்கும் அண்ணன் பிள்ளைக்கும் படிப்புக்கு உதவி, ஊருக்கு நல்லவர்களாக வாழும் தம்பதிகளும் நம்மிடையே உண்டு. அதுவும் நிறைவான வாழ்க்கைதான்.

கடைசியாக வீட்டுப் பெரியவர்களுக்கும் கணவன்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம். இந்தச் செய்தி தெரிந்த நாளில் அந்தப் பெண்ணின் மனம் படும் பாட்டைச் சொல்லி முடியாது. அவள் காதில் "மலடி" என்ற சொல் விழக் கூடாது. வளைகாப்புக்கும் பெயர் வைக்கும் சடங்குக்கும் அவளை ஒதுக்கி வைக்கக் கூடாது. "இன்னொரு கல்யாணம்" என்ற பேச்சை எடுக்கும் முன், குறை உங்கள் மகனிடம் இருந்திருந்தால் மருமகள் அப்படிப் பேசுவதை நீங்கள் பொறுப்பீர்களா என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்கு அவள் தனியாகப் போய் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டாம். பக்கத்தில் கணவன் இருக்கட்டும்.

சகோதரிகளே, நாற்பதுக்குள் மாதவிலக்கு நின்றால் நான்கு மாதத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே சுகாதாரக் கிளினிக்குக்குப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். கீரையும் கூழும் வீட்டில் காத்திருக்கும்; வயது காத்திருக்காது.